விளக்கு இல்லாதவருக்கும் டிம் அடிக்கலாமே!

விருதுநகரைத் தாண்டி சாத்தூர் நோக்கிப் போகும் நான்குவழிச் சாலையின் நடுவே அரளி பூத்து நிற்கிறது. கரிசல் காடும் சீமைக்கருவேல மரமுமாக நீளும் அந்தப் பாதையில், வெயிலுக்கு அஞ்சாமல் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகச் சிரிக்கிற செடி அது. 'ரோடு அழகா இருக்கட்டும்னு வச்சிருக்காங்க' என்று பேருந்தின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, பேத்திக்குச் சொல்லிக்கொண்டு போவார்.

பொழுது சாய்ந்த பிறகு அதே சாலையில் வந்தால்தான் அரளியின் இன்னொரு வேலை தெரியும். கோவில்பட்டி பக்கமிருந்து வரும் லாரிகளின் ஹெட்லைட் வெளிச்சம் அந்தச் செடிகளில் மோதிச் சிதறுகிறது. இந்தப் பக்கம் வருகிற ஓட்டுநரின் கண்ணுக்கு இலைகளின் இடுக்கில் ஒரு மினுக்கல் மட்டுமே வந்து சேர்கிறது. ஆடு மாடு வாய் வைக்காது, தண்ணீர் அதிகம் கேட்காது, ஆள் உயரத்துக்குப் புதராக வளரும். எதிர் வெளிச்சத்துக்குப் பச்சைத் திரை கட்ட இதைவிடத் தோதான செடி இந்த வறண்ட சீமையில் கிடைக்காது.

சாத்தூரில் காராச்சேவு வாங்கிக்கொண்டு, மேற்கே சிவகாசி சாலையில் திரும்பினால் இந்தச் சொகுசு முடிந்துவிடும். சுமார் 20 கிலோமீட்டர் தூரம். பெரும்பாலும் நடுவில் தடுப்பு இல்லாத பாதை. அங்கிருந்து கிராமங்களுக்குப் பிரிகிற கிளைச் சாலைகள் இன்னும் குறுகலானவை. இங்கே எதிர் வெளிச்சத்தைத் தடுக்க அரளி இல்லை. எதிரே வருகிறவரின் கைவிரல் மட்டும்தான் இருக்கிறது. அந்த விரல் ஒரு சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம் தாழும். தட்டாவிட்டால் கண் கூசும். அந்தச் சின்ன சுவிட்சுக்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேலான கதை ஒன்று இருக்கிறது.

பகலில் வேலை, இருட்டில் பயணம்

சிவகாசிக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள உறவை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொள்ள கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். திரும்பி வந்து அவர்கள் தொடங்கிய தொழில், மழையை நம்ப முடியாத இந்த மண்ணின் தலையெழுத்தை மாற்றியது. தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசும், பட்டாசுக்கு லேபிள் ஒட்ட வந்த அச்சுத் தொழிலும் வளர்ந்து, 'குட்டி ஜப்பான்' என்ற பட்டப் பெயர் ஊருக்கு ஒட்டிக்கொண்டது.

தீபாவளி இரவில் நாடே பார்த்து மகிழும் வெளிச்சத்தைச் செய்கிற இந்த ஊரில், அந்த வேலை நடப்பதென்னவோ பகலில்தான். பொழுது சாய்ந்த பிறகு வெடிபொருளைக் கையாளுவதற்குச் சட்ட விதிகளில் கட்டுப்பாடு உண்டு. அதனால் பட்டாசு ஆலைகள் காலை வெயிலோடு தொடங்கி, மாலை வெயிலோடு முடிந்துவிடுகின்றன. வேலை முடிந்து ஆட்கள் வெளியே வருகிற நேரமும், வண்டிகள் ஹெட்லைட்டைப் போடத் தொடங்குகிற நேரமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது.

அந்த நேரத்தில் சாலையில் யாரெல்லாம் இருக்கிறார்கள்? தொழிலாளர்களை ஏற்றிய வேன்கள் ஊர் ஊராக நின்று நின்று போகின்றன. வேனிலிருந்து இறங்கிய பெண்கள் தூக்குவாளியும் பையுமாக, நாலைந்து பேராகச் சேர்ந்து சாலையோரம் நடக்கிறார்கள். வெளிச்சமே இல்லாத சைக்கிளில் ஒரு பெரியவர் போகிறார். பட்டிக்குத் திரும்புகிற ஆட்டு மந்தை ஒன்று சாலையைக் கடக்கிறது. பின்பக்கச் சிவப்பு விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர் ஊர்ந்து போகிறது. ஆடி, தை மாதங்களில் இருக்கன்குடி மாரியம்மனுக்கு மாலை போட்டவர்கள் கூட்டம் கூட்டமாக இரவிலும் நடக்கிறார்கள். தீபாவளி நெருங்கினால், வெளியூரிலிருந்து பட்டாசு வாங்க வரும் கார்களும் இவர்களோடு சேர்ந்துகொள்ளும். சாலையின் வளைவும் பள்ளமும் தெரியாத கார்கள் அவை.

சாத்தூரிலிருந்து மேற்கே போகிறவர்களுக்கு மாலையில் இன்னொரு சோதனையும் உண்டு. நேர் எதிரே சூரியன். தூரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் பின்னே அவர் இறங்குகிற வரைக்கும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் வண்டி ஓட்ட வேண்டும். சூரியனை டிம் அடிக்கச் சொல்ல முடியாது. ஆனால் அவர் போன பிறகு வரிசையாக எதிரே வருகிற சின்னச் சூரியன்களிடம் சொல்ல முடியும்.

மூன்று விநாடி இருட்டு

'டிம் அடிப்பா!' என்பது தமிழ்நாட்டுச் சாலைகளின் பொதுமொழி. வாயால் சொல்ல முடியாது என்பதால் ஹெட்லைட்டாலேயே சொல்கிறார்கள். எதிரே வருகிறவர் பிரைட்டில் வந்தால், இவர் இரண்டு முறை டிம்-பிரைட் போட்டுக் காட்டுவார். அவர் புரிந்துகொண்டு தாழ்த்திவிட்டால் சரி. இல்லையென்றால் இவரும் பிரைட்டைப் போட்டுப் பழிவாங்குவார். இரண்டு பேருக்கும் கண் தெரியாமல் போகிற சண்டை இது.

கண் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இதன் ஆபத்து விளங்கும். பளீரென்ற வெளிச்சம் பட்டவுடன் கண்ணின் பாவை சட்டென்று சுருங்கிவிடும். ஆனால் இருட்டுக்குத் திரும்பப் பழக அதற்கு நேரம் வேண்டும். வாசலில் வெயிலில் நின்றுவிட்டு வீட்டுக்குள் வருகிறவருக்கு அறை இருட்டாகத் தெரிகிறதே, அதே கதைதான். வயதானவர்களுக்கு இது இன்னும் மோசம். கண்ணின் வில்லை மங்கத் தொடங்கினால், எதிர் வெளிச்சம் அந்த வில்லைக்குள்ளேயே சிதறி, கண்முன் வெள்ளைத் திரையைப் போட்டதுபோல் ஆகிவிடும். புரை விழத் தொடங்கியவர்கள், பகலில் நன்றாக ஓட்டினாலும் இரவில் தடுமாறுவது இதனால்தான்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் நகர்கிறது. எதிர் வெளிச்சத்தில் மூன்று விநாடி கண் தெரியாமல் போனால், 50 மீட்டர் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்குச் சமம். இரண்டு வண்டிகள் அதே வேகத்தில் எதிரெதிரே வந்தால், 150 மீட்டர் இடைவெளி நாலரை விநாடியில் தீர்ந்துவிடும்.

அந்த 50 மீட்டருக்குள் யார் நடந்துகொண்டிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இறங்கி வந்து குனிய வைத்த விளக்கு

ஆரம்பகால மோட்டார் கார்களுக்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. அவற்றில் இருந்தவை மண்ணெண்ணெய் விளக்குகள். 'இங்கே ஒரு வண்டி வருகிறது' என்று ஊருக்குச் சொல்லத்தான் அவை பயன்பட்டன. நம் ஊர் மாட்டுவண்டியின் அடியில் அரிக்கேன் விளக்கைக் கட்டித் தொங்கவிடுவார்களே, ஏறக்குறைய அந்த மாதிரி.

பிறகு அசிட்டிலின் விளக்கு வந்தது. கார்பைடு கல்லின் மேல் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும்; அதிலிருந்து பூண்டு நாற்றத்தோடு கிளம்பும் வாயுவைக் குழாய் வழியே விளக்குக்குக் கொண்டுபோய்ப் பற்றவைப்பார்கள். மாம்பழத்தைக் குறுக்கு வழியில் பழுக்க வைக்கப் பயன்படுத்தி, இன்று தடைசெய்யப்பட்டிருக்கும் அதே கார்பைடு கல்தான். ஓட்டுநர் காரைவிட்டு இறங்கி, விளக்கின் கண்ணாடிக் கதவைத் திறந்து, தீக்குச்சியைக் கிழித்துப் பற்றவைக்க வேண்டும். ஆக, மோட்டார் காரின் முதல் ஹெட்லைட்டுக்குத் தீப்பெட்டியும் ஓர் உதிரிபாகம்!

அசிட்டிலின் சுடர் வெள்ளை வெளேரென்று எரியும். பின்னால் பளபளப்பான குழியாடியையும் வைத்தபோது, வெளிச்சம் தூரம் பாய்ந்தது. கூடவே எதிரே வருகிறவரின் கண்ணையும் பறித்தது. அடுத்து மின்விளக்கு வந்தபோது தொல்லை இன்னும் பெரிதானது. 1912-ல் அமெரிக்காவின் காடிலாக் கார், ஸ்டார்ட் செய்வதையும் விளக்கு எரிப்பதையும் ஒரே மின் ஏற்பாட்டில் இணைத்தது. நம் பக்கம் டி.வி.சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பேருந்துத் தொழிலைத் தொடங்கியதும் அதே 1912-ல்தான்.

சுவிட்சைப் போட்டால் வெளிச்சம் வந்துவிட்டது. அதைத் தாழ்த்துவது எப்படி?

1915-ல் அமெரிக்காவின் கைடு லாம்ப் நிறுவனம் ஒரு வழி கண்டுபிடித்தது. விளக்கைத் தாழ்த்தலாம், ஆனால் அதற்கு ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து, கையால் செய்ய வேண்டும். எதிரே வருகிற ஒவ்வொருவருக்கும் இறங்கி ஏறிக்கொண்டிருந்தால் ஊர் போய்ச் சேர்வது எப்போது? 1917-ல் காடிலாக் கார்களில், இருக்கையில் இருந்தபடியே இழுத்துத் தாழ்த்தும் லிவர் வந்தது. இங்கிலாந்தில் ரோல்ஸ் ராய்ஸ் கார்களுக்கு உடற்கூடு கட்டிக்கொடுத்த பார்க்கர் நிறுவனமும் 1920-களில் இதே வழியில் போனது. லிவரை இழுத்தால், முன்னால் இருக்கும் இரண்டு பெரிய விளக்குகளும் மொத்தமாகத் தலை குனியும். வீதியில் பெரியவரைக் கண்டதும் இளைஞர் தலை தாழ்த்துவதுபோல் இருந்திருக்கும்.

ஒரு பல்பு, இரண்டு இழை

பெரிய விளக்கை இரும்புக் கம்பிகளால் ஆட்டிக்கொண்டிருந்த காலத்துக்கு முடிவு கட்டியது ஒரு சின்ன பல்பு. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேர்விடத் தொடங்கிய அதே காலம். 1924-ல் ஜெர்மனியின் ஆஸ்ராம் நிறுவனம் 'பைலக்ஸ்' என்ற பல்பைக் கொண்டுவந்தது. ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள். ஒன்று, பின்னால் இருக்கும் குழியாடியின் குவியத்தில் சரியாக உட்கார்ந்திருக்கும். அதை எரித்தால் வெளிச்சம் நேராகத் தூரத்துக்குப் பாயும். இன்னொன்று கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கும். அதன் அடியில் சின்னத் தகடு ஒன்று கிண்ணம்போல் ஏந்தி நிற்கும். அதனால் அந்த இழையின் வெளிச்சம் குழியாடியின் மேல்பாதியில் மட்டும் பட்டு, கீழ்நோக்கித் திரும்பும்.

விளக்கு அசைய வேண்டியதே இல்லை. ஓர் இழையை அணைத்து இன்னொன்றை எரித்தால் போதும். இன்றைக்கும் பழைய பைக்கிலும் மினி லாரியிலும் எரிந்துகொண்டிருக்கும் இரட்டை இழை பல்புகள், அந்த பைலக்ஸின் வாரிசுகள்தான்.

சுவிட்ச் எங்கே இருக்க வேண்டும் என்பதிலும் ஒரு குட்டிக் கதை உண்டு. கைகள் ஸ்டீயரிங்கையும் கியரையும் பிடித்துக்கொண்டிருப்பதால், 1927 முதல் அது காலடிக்குப் போனது. அம்பாசடர் கார் ஓட்டிய அந்தக் காலத்து ஓட்டுநர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கிளட்சுக்கு இடப்பக்கம் தரையில் ஒரு குமிழ் இருக்கும். இடது காலால் ஒரு மிதி மிதித்தால் டிம். இன்னொரு மிதியில் பிரைட். பிறகு அந்தக் குமிழ் ஸ்டீயரிங்கின் பக்கத்தில் ஒரு தண்டாக மாறி விரலுக்கு வந்து சேர்ந்தது. பைக்கில் அது இடது கட்டைவிரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இறங்கி வந்து செய்த வேலை கைக்கு வந்து, காலுக்குப் போய், கடைசியில் ஒரு விரல் அசைவாகச் சுருங்கிவிட்டது. இவ்வளவு சுலபமாக்கிய பிறகும் அந்த விரல் அசையாமல் இருப்பதுதான் வேடிக்கை.

சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் பழைய கார்

பிரிட்டனில் 1930-களில் இன்னொரு ஏற்பாடும் புழக்கத்தில் இருந்தது. பர்மிங்காமின் லூகாஸ் நிறுவனம் செய்த விளக்குகளில், சுவிட்சைத் தட்டினால் ஒரு பக்க விளக்கு அணைந்துவிடும். மறுபக்க விளக்கின் குழியாடி மட்டும் மின்காந்த இழுப்பில் கீழே சாய்ந்து இடப்பக்கமாகத் திரும்பும். அந்த லூகாஸ்தான் பின்னாளில், மதுரையில் வேர்விட்ட டி.வி.எஸ். குழுமத்தோடு கைகோத்து, 1961-ல் லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனமாகச் சென்னை பாடியில் கால் பதித்தது.

அந்தப் பழைய கார்கள் இன்று கண்காட்சியில்தான் கிடைக்கும். ஆனால் அவை நம் சட்டப் புத்தகத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன! 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி, வெளிச்சத்தைத் தாழ்த்துவதைப் பற்றிப் பேசுகிறது. விளக்கு நிரந்தரமாகக் கீழ்நோக்கி இருக்கலாம். ஓட்டுநர் அதைக் கீழே தாழ்த்தும்படி இருக்கலாம். அல்லது ஒரு விளக்கு அணைந்து, இன்னொன்று கீழேயும் இடப்பக்கமும் சாயலாம் என்று அது வரிசையாக அடுக்குகிறது. லிவரை இழுத்துத் தலை குனிய வைத்த விளக்கும், ஒற்றைக் கண்ணை மூடி மறு கண்ணைத் தாழ்த்திய விளக்கும் அந்த வரிகளுக்குள் அப்படியே இருக்கின்றன.

அந்த விதியில் அதைவிட முக்கியமான ஓர் இடம் உண்டு. யாருடைய கண் கூசக் கூடாது? விளக்குக்கு முன்னால் 8 மீட்டர் தூரத்தில், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் 'எந்த நபருக்கும்' கண் கூசக் கூடாது என்கிறது விதி. எதிரே வரும் ஓட்டுநர் என்று சொல்லவில்லை. வண்டி வைத்திருப்பவர் என்றும் சொல்லவில்லை. ஒன்றரை மீட்டர் என்பது, சாலையில் நடந்து வருகிற ஒருவரின் கண் இருக்கும் உயரத்துக்கு வெகு அருகில் வருகிறது.

சாலையில் நடக்கிற பழக்கம் வேறு. லாரிக்கு லாரி டிம் அடிக்கும். காருக்கு கார் அடிக்கும். அடிக்காவிட்டால் பதிலுக்கு வெளிச்சம் வந்து அடிக்கும் என்ற பயமும் ஒரு காரணம். சைக்கிளில் வருகிற பெரியவருக்காகவோ, ஆலை வேனிலிருந்து இறங்கி நடக்கிற பெண்களுக்காகவோ யாரும் டிம் அடிப்பதில்லை. பதிலுக்குக் காட்ட அவர்களிடம் விளக்கு இல்லை. பளீரென்ற வெளிச்சம் முகத்தில் விழும்போது அவர்கள் புறங்கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, தார்ச் சாலையைவிட்டு மண்ணில் இறங்கி நிற்கிறார்கள். மண் ஓரத்தில் முள் இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா, பாம்பு கிடக்கிறதா என்று பார்க்கக்கூட அந்த நேரத்தில் அவர்களுக்குக் கண் தெரியாது.

கறுப்புப் பொட்டு சரியான மருந்தா?

தமிழ்நாட்டில் ஹெட்லைட்டுக்கு ஒரு கைவைத்தியமும் உண்டு. கண்ணாடியின் நடுவில் வட்டமாகக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது. போக்குவரத்துக் காவலர்கள் வண்டிகளை நிறுத்தி, இலவசமாகவே ஒட்டிவிட்டதையும் பார்த்திருப்போம். மேல்பாதி முழுவதையும் கறுப்பு பெயின்ட் அடித்து மறைத்தவர்களும் உண்டு.

நோக்கம் நல்லதுதான். ஆனால் பைலக்ஸ் பல்பின் கணக்கை நினைத்துப் பார்த்தால் ஒரு சிக்கல் தெரியும். டிம் வெளிச்சம், குழியாடியின் மேல்பாதியிலிருந்துதான் புறப்பட்டு வருகிறது. கண்ணாடியின் மேல்பாதியைக் கறுப்பாக்கினால், முதலில் அடிபடுவது அந்த டிம் வெளிச்சமே. பிரைட்டில் போகும்போது கீழ்ப்பாதி வழியாகத் தூரத்துக்குப் பாயும் வெளிச்சம், பாய்ந்துகொண்டேதான் இருக்கும். டிம்மில் பாதை சரியாகத் தெரியவில்லை என்று ஓட்டுநர் எப்போதும் பிரைட்டிலேயே போகத் தொடங்கினால், மருந்தே நோயாகிவிடும். நடுவில் ஒட்டும் சின்னப் பொட்டு, பல்பிலிருந்து நேராக வருகிற கூசலைக் கொஞ்சம் குறைக்கும். விளக்கு பார்க்கிற திசையை அது மாற்றாது. விளக்கு சரியான கோணத்தில் இருப்பதும், விரல் சுவிட்சைத் தட்டுவதும்தான் நேரான வழி.

இயந்திரம் செய்துவிடுமா?

மனிதரின் விரலை நம்பாமல், இயந்திரத்திடமே இந்த வேலையை ஒப்படைக்கப் பலர் முயன்றார்கள். அமெரிக்காவின் எட்வின் லேண்ட், எதிர் வெளிச்சத்தின் கூசலைப் போக்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் 1929 வாக்கில் 'போலராய்டு' தகட்டை உருவாக்கினார். எல்லா ஹெட்லைட்டிலும் ஒரு தகடு, எல்லாக் கார் கண்ணாடியிலும் ஒரு தகடு இருந்தால் எதிர் வெளிச்சம் மட்டும் அடங்கிவிடும் என்பது அவர் கணக்கு. கார் நிறுவனங்கள் அதை ஏற்கவில்லை. அந்தத் தகடு கறுப்புக் கண்ணாடியாகவும் கேமரா பாகமாகவும் உலகைச் சுற்றியது. ஹெட்லைட்டுக்கு மட்டும் வந்து சேரவே இல்லை.

1952-ல் ஜெனரல் மோட்டார்ஸ் 'ஆட்ரானிக் ஐ' என்ற மின்னணுக் கண்ணைக் காரின் முகப்பில் உட்கார வைத்தது. எதிர் வெளிச்சம் அதன்மேல் பட்டால், ஹெட்லைட் தானாகத் தாழும். இன்றைய விலையுயர்ந்த கார்களில், எதிர் வண்டி இருக்கும் இடத்தை மட்டும் இருட்டாக்கி, மற்ற இடங்களுக்கு வெளிச்சம் பாய்ச்சுகிற எல்.இ.டி. விளக்குகளே வந்துவிட்டன. ஆனால் இந்த வகை ஏற்பாடுகள் பெரும்பாலும் எதிரே வருகிற விளக்கைப் பார்த்துத்தான் தாழ்கின்றன. விளக்கே இல்லாமல் நடந்து வருகிறவர், பல இயந்திரங்களின் கண்ணுக்கும் விளக்கு இல்லாதவர்தான்.

இதற்கிடையே புதுத் தொல்லை ஒன்றும் வந்திருக்கிறது. பழைய பல்பைக் கழற்றிவிட்டு, கடையில் கிடைக்கிற எல்.இ.டி. பல்பை மாட்டுகிறார்கள். 'சும்மா பகல் மாதிரி அடிக்குது' என்று பெருமையும் பேசுகிறார்கள். இழை பல்புக்காகச் செய்த குழியாடியில், இழை இருக்க வேண்டிய இடம் மயிரிழை பிசகினாலும் வெளிச்சம் கண்டபடி தெறிக்கும். எல்.இ.டி.யின் ஒளிப்புள்ளி அந்த இடத்தில் சரியாக உட்காராதபோது, டிம்முக்கும் பிரைட்டுக்கும் எதிரே வருகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. அவர் டிம் அடித்திருப்பார். இவரோ, அடிக்கவில்லை என்று திட்டிக்கொண்டு போவார்.

2017 ஏப்ரல் முதல் புது பைக்குகளில் பகலிலும் ஹெட்லைட் எரிகிறது. 'தம்பி, லைட்டு எரியுது!' என்று விரல்களைக் குவித்து விரித்துச் சைகை காட்டிய பெரியவர்கள் இப்போதுதான் ஓய்ந்திருக்கிறார்கள். அது வண்டியை மற்றவர்கள் பார்ப்பதற்கான ஏற்பாடு. அதற்கு டிம் வெளிச்சமே போதும். பகல் முழுக்கப் பிரைட்டில் எரியவிட்டு, இரவிலும் அப்படியே போகிறவர்களுக்கு அந்தச் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையாவது ஒரு முறை பார்ப்பது நல்லது.

சுவரைப் பார்த்து நிறுத்துங்கள்

விளக்கு சரியான கோணத்தில் இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய பட்டறை வேண்டாம். சமதளமான இடத்தில், ஒரு சுவருக்கு 10 மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்தி, டிம்மில் போட வேண்டும். சுவரில் விழும் வெளிச்சத்தின் மேல் விளிம்பு, ஹெட்லைட்டின் மையம் இருக்கும் உயரத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே இருந்தால் பொதுவாகச் சரி. நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுவதால், வெளிச்சம் இடப்பக்கம் மட்டும் சற்று ஏறி, சாலையோரத்தைக் காட்டும்படி பல விளக்குகள் செய்யப்பட்டிருக்கும். வலப்பக்கம் ஏறினால் ஏதோ கோளாறு.

பாரம் ஏற்றும்போது இந்தக் கணக்கு மாறும். பின்னால் பட்டாசுப் பெட்டிகளை அடுக்கினாலோ, பைக்கில் பின்னால் இருவரை உட்கார வைத்தாலோ, வண்டியின் மூக்கு மேலே தூக்கும். டிம்மில் இருந்தாலும் வெளிச்சம் எதிரே வருகிறவரின் நெற்றியைத் தேடிப் போகும். பல கார்களில் வெளிச்சத்தின் உயரத்தைக் குறைக்க, டாஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு திருகு இருக்கிறது. குடும்பத்தோடு மூட்டை முடிச்சுகளை ஏற்றிக்கொண்டு பட்டாசு வாங்கித் திரும்புகிறவர்கள், புறப்படும்முன் அதைத் திருகிவிடலாம். கரிசல் புழுதி படிந்த ஹெட்லைட்டையும் முன் கண்ணாடியையும் ஈரத் துணியால் ஒரு துடை துடைப்பதும் பெரிய உதவி. புழுதியில் பட்ட வெளிச்சம் சிதறி, கூசலைக் கூட்டும்.

எதிரே வருகிறவர் தாழ்த்தவே இல்லையா? அவரோடு போட்டி போடாமல் வேகத்தைக் குறைத்து, பார்வையைச் சாலையின் இடது ஓர வெள்ளைக் கோட்டில் வைத்தால், கண் முழுதாகக் கூசாது. ஓரத்தில் நடக்கிறவரும் கண்ணில் படுவார். நடக்கிறவர்கள் வெளிர் நிறத் துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொள்ளலாம்; வலப்பக்க ஓரமாக, வண்டி வருவதைப் பார்த்தபடி நடக்கலாம். சைக்கிளின் பின் மட்கார்டில் ஒட்டும் ஒரு துண்டுச் சிவப்பு ஸ்டிக்கர், டிம் வெளிச்சத்திலேயே பளிச்சென்று தெரியும்.

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டைக்கும், திருத்தங்கலுக்கும், திருவில்லிபுத்தூருக்கும் பிரிகிற சாலைகளில் மாலை ஆறரை மணிக்குமேல் வண்டி ஓட்டுகிறவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். தூரத்தில், சாலை ஓரமாக நாலைந்து நிழல்கள் நடந்து வருவது தெரிந்தவுடன் டிம் அடித்தால், அவர்கள் மண்ணில் இறங்குவதில்லை. கண்ணை மறைக்கக் கையைத் தூக்குவதும் இல்லை. பேசிக்கொண்டு வந்த பேச்சை நிறுத்தாமல், அப்படியே நடந்து போகிறார்கள்.